கோவாவுக்கு ஊற்றிய 4,500 ரூபாப் போத்தல்

கந்தப்பளை, இராகலை, வலப்பனைப் பக்கம் மரக்கறி செய்கிற நம்ம ஆட்கள் இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். "நன்மை தரும் நுண்ணுயிர்க் கூட்டு" என்று லேபல் ஒட்டிய ஒரு லீற்றர் போத்தல், விலை 4,500 ரூபா. நான் நான்கு வாங்கினேன். என் பேச்சைக் கேட்டு மாமி இரண்டு வாங்கினார். அதற்காகக் காதுத் தோட்டை அடகு வைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கம்பனிப் பெயரைப் போடவில்லை, முறைப்பாடு இன்னும் முடியவில்லை. பெயரைத் தெரிந்தும் பெரிய பயனில்லை. லேபலை உரித்துவிட்டு நாளைக்கு வேறு ஒன்று ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

என்னுடையது லயத்துக்குக் கீழே ஆற்றோரம் 40 பேர்ச் குத்தகைக் காணி. போன தடவை கோவாவில் (முட்டைக்கோசில்) ஒரு மூலை முழுக்க விழுந்துவிட்டது. மத்தியானம் வெயில் ஏறினால் இலை தொங்கும், பின்னேரம் நிமிரும். பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சி மாதிரி வீங்கிக் கிடக்கும். நுவரெலியாப் பக்கம் கோவா போடுகிறவர்களுக்கு இந்த வேர்க்கட்டி புதிதில்லை. மண்ணில் ஒரு தடவை இறங்கினால் பத்துப் பதினைந்து வருடம்கூடக் கிடக்கும். சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடு அடுத்தவன் காணிக்கும் போகும். புளிப்பு மண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். அதனால்தான் டொலமைட், சுண்ணாம்பு போட்டு மண்ணின் புளிப்பைக் குறைக்கிறோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு டபள் கெப் வந்தது. கோயில் மண்டபத்தில் கூட்டம், பிளேன்டீ, பணிஸ். இரண்டு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் நல்ல தமிழ். நான் விழுந்த இடம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் கைக்கு வருகிற விவசாயத் துண்டுப்பிரசுரம் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும், எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் பாதி விளங்காது. ஒருவர் வந்து "அண்ணே, உங்க மண்ணு செத்துப் போச்சுண்ணே" என்று தமிழில் சொன்னதும் மனசு இளகிவிட்டது.

சொன்னது முழுக்கப் பொய்யாக இருந்திருந்தால் நானே எழும்பி வந்திருப்பேன். ட்ரைக்கோடெர்மா என்று ஒரு பூஞ்சணம் இருக்கிறது, அது நோய்ப் பூஞ்சணத்தைச் சுற்றிப் பிடித்துக் கரைத்துத் தின்னும் என்றார். அது உண்மை. சூடோமோனாஸ், பசிலஸ் என்று பக்டீரியா வகைகள் வேரைச் சுற்றிக் குடியேறினால் கெட்ட கிருமிக்கு இடம் கிடைக்காது, செடியும் உஷாராகி வெயிலையும் வறட்சியையும் கொஞ்சம் தாங்கும் என்றார். அதுவும் உண்மைதான். 2021 மே மாதம் இரசாயன உரத்தை நிறுத்தி, நவம்பரில் திரும்ப விட்டார்களே, அந்த ஆறு மாதத்தை ஞாபகப்படுத்தினார். யாருக்குத்தான் கோபம் வராது? மண்டபமே தலையாட்டியது.

அதற்குப் பிறகுதான் கதை அளந்தார். வந்த வேர்க்கட்டி பத்து நாளில் கரையுமாம். சுண்ணாம்பே தேவையில்லையாம். உருளைக்கிழங்கு வெளிறல், லீக்ஸ் கருகல், கரட் அழுகல் எல்லாவற்றுக்கும் இதே போத்தலாம். ஜனவரி துகள்பனியில்கூட இலை கருகாதாம். பூஞ்சண மருந்து அடிக்கிற டாங்கியிலேயே இதையும் கலந்து அடிக்கலாம், வேலை மிச்சம் என்றார். ட்ரைக்கோடெர்மாவே ஒரு பூஞ்சணம் என்று அரை மணித்தியாலத்துக்கு முன்தான் சொல்லியிருந்தார். பூஞ்சணத்தைக் கொல்கிற மருந்தோடு அதைச் சேர்த்தால் என்ன மிஞ்சும் என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கிட்டத்தட்ட 4,000 கன்று நட்டேன். அவர் பேச்சை நம்பி இந்த முறை டொலமைட் போடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை அளந்து ஊற்றினேன். மூடியைத் திறந்தால் "புஸ்" என்று காற்று வரும், புளித்த கருப்பட்டி வாசம். "பாத்தீங்களா அண்ணே, உயிரோட இருக்கு" என்றார் போனில். சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டாலும் இப்படித்தான் புஸ்ஸென்று வரும்.

முப்பத்தைந்தாம் நாள் மத்தியானம் இலை தொங்கியது, போன தடவையைவிட மோசமாக. போன் பண்ணினேன், அளவை இரட்டிப்பாக்கச் சொன்னார். இரட்டிப்பாக்கினேன். திரும்பப் பண்ணினேன், உங்கள் தண்ணீர் சரியில்லை என்றார். மூன்றாம் தடவை என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார். கடைசியில் விற்கக்கூடிய காய் ஆயிரம்கூடத் தேறவில்லை. மாமியின் பாத்தியை நான் போய்ப் பார்க்கவேயில்லை, முகம் இல்லை.

பிறகுதான் போத்தலைத் தூக்கிக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டியது. அவர் என்னைத் திட்டவில்லை, லேபலை மட்டும் என் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"தம்பி, இதுல என்ன உயிர் இருக்குன்னு எழுதியிருக்கா?"

இல்லை.

"ஒரு மில்லிலீற்றர்ல எத்தனை? எப்ப செஞ்சது, எப்ப காலாவதி, எங்க வைக்கணும்?"

ஒன்றும் இல்லை. பச்சை இலையும் ஒரு சூரியனும் படமாக இருந்தன.

பாலுக்குக் காலாவதித் திகதி கேட்கிறோம், முட்டைக்குக்கூடக் கேட்கிறோம். உயிர் என்று சொல்லி விற்கிற சாமானுக்கு நான் கேட்கவில்லை. நல்ல ட்ரைக்கோடெர்மாத் தூளே சூட்டில் கிடந்தால் மாதத்துக்கு மாதம் பலம் குறையும் என்று அவர் சொன்னார். பசிலஸ் வித்து மாதிரி உறங்கிக் கிடந்து கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், சூடோமோனாஸ் சீக்கிரம் போய்விடும். எங்களுக்குக் கொடுத்த பெட்டிகள் கெப்பின் பின்னால் தார்ப்பாய்கூட இல்லாமல் வெயிலில் வந்தவை.

துகள்பனிக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். இலையில் இருக்கிற சில சூடோமோனாஸ் வகைகள் பனி உறைவதற்கு உதவி செய்கிறவையாம். ஆகவே பெயர் இல்லாத பக்டீரியாவை இலையில் அடிப்பது நன்மைதான் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

பெரிய பிழை வேறு இடத்தில் இருந்தது. இந்த உயிர்கள் காவல்காரன் மாதிரி, திருடன் வருமுன் வாசலில் நிற்க வேண்டும். நாற்று மேடையிலோ, நடுகிற குழியிலோ, மக்கிய எருவில் கலந்து ஈரத்தோடும் நிழலோடும் கொடுப்பதுதான் முறை. அப்படிக் கொடுத்தால் சில நோய்கள் குறையும். வீங்கிய வேரை எதுவும் வற்றவைக்காது. சுண்ணாம்பு, வடிகால், கோவாக் குடும்பம் இல்லாத பயிரை மாற்றிப் போடுவது எல்லாம் வழக்கம்போல இருக்க வேண்டும், அதோடு இதுவும். நான் இருந்த கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு 4,500 ரூபாப் போத்தலை நம்பி நின்றிருக்கிறேன்.

சட்டத்தையும் அவரிடமே கேட்டேன். நோயைத் தடுக்கும், கொல்லும் என்று சொல்லி விற்றால் உயிர்க் கிருமியாக இருந்தாலும் அது 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வரும், பேராதனை கெட்டம்பேயில் இருக்கிற பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த இலக்கம் லேபலில் இருக்க வேண்டும் என்றார். கூட்டத்தில் ஒரு பெரியவர் பதிவு இலக்கம் கேட்டது அப்போது ஞாபகம் வந்தது. "இது மருந்தில்லை ஐயா, உரம்" என்றார்கள். உரத்துக்கும் தனிச் சட்டம், தனிப் பதிவு இருக்கிறது. அதைக் கேட்டிருந்தால் "உரமில்லை, மண் டொனிக்" என்றிருப்பார்கள்.

வீட்டில் ஒரு சோதனையும் செய்தேன். அரிசியை வேகவைத்து ஆறவிட்டு, மூன்று கண்ணாடிப் போத்தலில் போட்டு, அவர்கள் விற்ற அந்தத் தண்ணீரை ஊற்றி, துணியால் கட்டி வைத்தேன். நல்ல ட்ரைக்கோடெர்மா என்றால் சில நாளில் வெள்ளையாகப் படர்ந்து பிறகு கரும்பச்சை ஆகும். எனக்கு மூன்றிலும் புளித்த கஞ்சிதான். இதை ஆய்வுகூட முடிவு என்று சொல்லமாட்டேன். பச்சையாக வந்திருந்தாலும் அது வேறு பூஞ்சணமாக இருக்கலாம். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பில் கேட்டபோது "ஒபிஸ்ல இருந்து அனுப்புவோம்" என்றார்கள். அனுப்பவில்லை. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு கோல் எடுத்தால் முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். என்னிடம் இருப்பது வட்ஸ்அப் மெசேஜ்களும் கூட்டத்தில் எடுத்த ஒரு போட்டோவும், அதைத்தான் கொடுத்திருக்கிறேன். நீங்கள் யாரிடம் எதை வாங்கினாலும் பில் கைக்கு வராமல் காசைக் கொடுக்காதீர்கள். சந்தேகம் என்றால் வாங்குவதற்கு முதல் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு ஒரு கோல் போடுங்கள்.

என்னிடம் ஒரு போத்தல் சீல் உடைக்காமல் இருக்கிறது, அத்தாட்சிக்காக வைத்திருக்கிறேன். அந்த கெப் இப்போது வெலிமடை, கெப்பெட்டிப்பொலப் பக்கம் சுற்றுவதாக ஒரு தம்பி சொன்னான். பச்சை இலை, மஞ்சள் சூரியன், நீல மூடி. உங்களிடம் அதே போத்தல் இருந்தால் ஊற்றிவிடாமல், லேபலை நான்கு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒருத்தனாகப் போய் நிற்பதைவிடப் பத்துப் பேராகப் போனால் மாமியின் தோட்டையாவது மீட்கலாமா என்று பார்க்கிறேன்.