ரெண்டு சீட்டு காருக்குப் பின்னாடி கட்டுற லக்கேஜ் பேக், கொடைக்கானல் போயிட்டு வந்து எழுதுறேன்

மச்சானோட பிஎம்டபிள்யூ இசட்4 எடுத்துட்டு மதுரைல இருந்து கொடைக்கானல் போனோம், டிக்கி 281 லிட்டர்தான், மேல துணி கூரைங்கறதால கேரியரும் போட முடியாது, அதான் டிக்கி மூடி மேல வார் போட்டுக் கட்டுற இந்த பேக்க வாங்குனேன். அடியில ரப்பர் பேடு இருக்கு, கொக்கி மூடியோட ஓரத்துல மாட்டும். மொத தடவை கட்ட இருபது நிமிசம் ஆச்சு.

வாடிப்பட்டி தாண்டுறதுக்குள்ள வார் லேசா லூஸ் ஆயிருச்சு, நிறுத்தி இறுக்குனதுக்கு அப்புறம் வத்தலக்குண்டு தாண்டி மலைல அத்தனை வளைவுலயும் ஒரு அங்குலம் நகரல, அதுல எனக்கு ரொம்ப சந்தோசம். வாரோட மிச்ச நுனிய கண்டிப்பா சுருட்டிக் கட்டிருங்க, இல்லன்னா காத்துல பெயிண்ட அடிச்சுக்கிட்டே வரும்.

கட்டுறதுக்கு முன்னாடி மூடிய நல்லா கழுவித் தொடைங்க, ஏன்னா கோடு விழுகுறது பேடால இல்ல, அதுக்கடியில மாட்டுற மண்ணால. பிரேக் லைட்டு, நம்பர் பிளேட்டு ரெண்டும் மறையாம பாத்துக்கங்க. கனமான சாமான் எல்லாம் டிக்கிக்குள்ள, பேக்குல துணிமணி மட்டும். கட்டுனப்புறம் டிக்கி தொறக்க முடியாது, தண்ணி பாட்டில், குடைய முன்னாடியே எடுத்து வச்சுக்கங்க.

ஒரே கொறை மழை கவர். பெருமாள்மலைகிட்ட பெய்ஞ்ச மழைல தையல் வழியா தண்ணி எறங்கி அக்காவோட பட்டுச்சேலை நனைஞ்சிருச்சு, மனசே கேக்கல. உள்ள பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வைக்கிறதா இருந்தா தாராளமா வாங்கலாம், அஞ்சுக்கு மூணரை குடுப்பேன்.