அல்லாஹ்வா, ஆண்டவனா, கடவுளா: துஆவில் எப்படி அழைப்பது?

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிவீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒன்றாக வளர்கிறாள் என் மகள். இடி முழங்கிய ஒரு இரவு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "கடவுளே, காப்பாத்துங்க" என்றாள். என் உம்மா பதறிப்போய் "அப்படிச் சொல்லப்படாது மகள்" என்று தடுக்க, பிள்ளை என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "கடவுளே எண்டா அல்லாஹ்வுக்குக் கேக்காதா உம்மா?"

கேட்கும் என்றேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் இனி துஆவில், அதாவது அல்லாஹ்விடம் பிரார்த்தித்துக் கேட்கும்போது, அவள் நாவில் எந்தச் சொல்லைப் பழக்குவது என்று நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. எடுத்தும் விட்டேன், அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

முதலில் "கடவுள்". பொருளில் குறை சொல்ல எனக்கு மனம் வராது, தமிழின் பழைய, அழகான சொல். நபியவர்களின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணமே கடவுள் வாழ்த்துப் படலத்தோடுதான் தொடங்குகிறது. ஆனால் எங்கள் நம்பிக்கையின் அடிப்படை வாக்கியமான கலிமாவை எடுத்துப் பாருங்கள். "லா இலாஹ இல்லல்லாஹ்" (அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை) என்பதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: வணங்கப்படும் எதற்கும் சொல்லக்கூடிய பொதுச்சொல்லான இலாஹ், அவனுக்கு மட்டுமே உரிய பெயரான அல்லாஹ். கடவுள் என்ற தமிழ்ச் சொல் உட்காரும் இடம் இலாஹ் உடையது. கடவுள்கள், கடவுளர் என்று பன்மை எடுக்கும். சிங்களத்தில் "தெய்யோ" என்று சொல்லும்போதும் கேட்பவர் மனதில் கதிர்காமத் தெய்யோவும் வந்து நிற்பதை இந்த ஊரில் தினமும் பார்க்கிறோம். கலிமாவிலேயே தனித்தனியாக நிற்கும் இரண்டை வீட்டில் ஏன் ஒன்றாக்க வேண்டும்?

அடுத்தது "ஆண்டவன்", "நாயன்". இவை எங்கள் உம்மும்மாமாரின் சொற்கள். உட்காரும்போதும் எழும்பும்போதும் "ஆண்டவனே" என்பார்கள். யாராவது பயணம் புறப்பட்டால் "வல்ல நாயன் காப்பாத்துவான்" என்பார்கள். ஆண்டவன் என்றால் முன்பு ஆண்டவன், இப்போது ஆளவில்லை என்று அர்த்தமாகிவிடும் என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கணக்கில் படைத்தவன் என்றும் சொல்ல முடியாதே! தமிழில் அப்படிப் பெயராகிவிட்ட சொல்லில் காலம் பார்ப்பதில்லை. "இறைவன்" என்பதும் எழுத்தில் நன்றாகவே உட்காருகிறது, குர்ஆனின் தமிழாக்கங்களில் ரப்பு என்பதற்கு அந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள்.

அப்படியானால் எதில்தான் பிரச்சினை? எனக்குத் தெளிவு தந்தது அறிஞர்கள் காட்டும் ஒரு வேறுபாடு. அல்லாஹ்வைப் பற்றிப் பேசுவது வேறு, அல்லாஹ்வை அழைப்பது வேறு. இப்னு தைமிய்யாவும் அவர் மாணவர் இப்னுல் கையிமும் இதை விரித்து எழுதியிருக்கிறார்கள். பேசும்போது பொருள் சரியாக இருந்தால் போதும், அந்த வாசல் அகலமானது. அழைப்பது என்று வந்தால் அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட பெயர்கள் இருக்கின்றன. "அல்லாஹ்வுக்கு அழகிய பெயர்கள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு அவனை அழையுங்கள்" என்கிறது குர்ஆன் 7:180. 17:110 இன்னும் இதமானது: அல்லாஹ் என்று அழைத்தாலும் ரஹ்மான் (அளவற்ற அருளாளன்) என்று அழைத்தாலும் சரி, அவனுக்கு அழகிய பெயர்கள் உண்டு.

"அவற்றைக் கொண்டு" என்பதை நான் பல வருடம் கவனிக்காமலே ஓதிக் கடந்திருக்கிறேன். நபிமார் எப்படிக் கேட்டார்கள் என்று பார்த்த பிறகுதான் அது உறைத்தது. பிள்ளை இல்லாத ஸகரிய்யா நபி "என்னைத் தனியாக விட்டுவிடாதே, நீயே வாரிசுகளில் சிறந்தவன்" என்கிறார் (21:89). நோயில் துவண்ட ஐயூப் நபி "நீ கருணையாளர்களில் எல்லாம் பெரிய கருணையாளன்" என்கிறார் (21:83). யாருக்கும் கிடைக்காத ஆட்சியைக் கேட்ட ஸுலைமான் நபி சொன்னது "நீயே வஹ்ஹாப்", அள்ளி வழங்குபவன் (38:35). ரமழானின் மகத்தான இரவான லைலத்துல் கத்ரில் என்ன கேட்பது என்று நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகி கேட்டபோது நபியவர்கள் கற்றுக்கொடுத்த துஆவும் அப்படித்தான்: "அல்லாஹும்ம இன்னக அஃபுவ்வுன்", நீ மன்னிப்பவன், மன்னிப்பை விரும்புகிறாய், என்னை மன்னித்துவிடு. கேட்கும் விஷயம் எதுவோ, அதற்கான கதவைத் தட்டுகிறார்கள். எல்லாத் தேவைக்கும் "கடவுளே" என்ற ஒரே சொல்லைச் சொல்லும்போது இந்த நெருக்கம் கிடைப்பதில்லை. என் முடிவை முடிவாக்கியது இதுதான், மற்ற வாதங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அதனால் வீட்டில் இப்போது பழக்குவது இது: "யா அல்லாஹ்" அல்லது "ரப்பே" என்று தொடங்கி, தேவைக்குப் பொருந்தும் ஒரு பெயரைச் சொல்லி, மீதியைத் தமிழிலேயே கேட்பது. தொழுகைக்கு வெளியே கேட்கும் துஆவைத்தான் சொல்கிறேன். தொழுகைக்குள் தமிழில் கேட்பதில் மத்ஹபுகள் என்னும் மார்க்கச் சட்ட வழிகளுக்குள் பேச்சு இருக்கிறது, அதை உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள்.

அப்புறம் அந்த "காப்பாத்துங்க". பெரியவர்களோடு மரியாதையாகப் பேசும் பிள்ளைக்கு "நீ" என்று அல்லாஹ்வைக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. குர்ஆனில் அல்லாஹ் தன்னை "நாம்" என்று சொல்கிறான்தான். ஆனால் நபிமார் அவனை அழைத்தது "அன்த" என்று, அது ஒருமை. அவன் ஒருவன் என்பதால் நாமும் நீ என்கிறோம், அதில் மரியாதைக் குறைவு இல்லை என்று விளக்கினேன். இரண்டே நாளில் பழகிவிட்டாள்.

99 பெயர்களையும் மனனம் செய்ய வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 99 பெயர்கள் பற்றிய ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. நாம் சுவரில் மாட்டியிருக்கும் பட்டியல் திர்மிதி என்ற இன்னொரு தொகுப்பில் வருவது, அதை அறிவிப்பாளர் ஒருவர் சேர்த்தது என்பதே ஹதீஸ் அறிஞர்கள் பலரின் கருத்து. "அன்தஷ் ஷாஃபீ", நீயே குணமளிப்பவன் என்று நபியவர்கள் நோயாளிக்காகக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நான் எண்ணிக்கையைத் துரத்தவில்லை, வாரத்துக்கு ஒன்று போதும்.

பெயர்களைப் படிக்கத் தொடங்கியதும் இன்னொன்றையும் திருத்திக்கொண்டோம். புறக்கோட்டையில் நாங்கள் துணி எடுக்கும் கடைக்காரரை ஊரே "ரஸ்ஸாக் நானா" என்றுதான் கூப்பிடும். ரஹீம் (கருணையுள்ளவர்) என்பது குர்ஆனிலேயே நபியவர்களுக்கும் சொல்லப்பட்டது (9:128), அதைத் தனியாகச் சொல்வதில் சிக்கல் இல்லை. ரஹ்மான், ரஸ்ஸாக் (உணவளிப்பவன்), காலிக் (படைப்பவன்) அப்படி இல்லை, அவனுக்கே உரியவை. முன்னால் உள்ள அப்துல்லை, அதாவது "அடிமை" என்பதை, விழுங்கினால் அடிமையின் பெயர் எஜமானின் பெயராகிவிடுகிறது. இப்போது என் மகள் கடைக்குள் நுழையும்போதே "அப்துர் ரஸ்ஸாக் மாமா" என்று முழுதாகக் கூப்பிடுகிறாள், அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்க்கிறார்.

உம்மாவின் "ஆண்டவனே"யை நான் தொடவில்லை. அறுபது வருடமாக அவர் அந்தச் சொல்லில் அல்லாஹ்வைத் தவிர வேறு யாரையும் அழைத்ததில்லை. போன கிழமை மறுபடியும் இடி. மகள் போர்வைக்குள்ளிருந்து "யா ஹபீழ், எங்களையும் பக்கத்து வீட்டையும் பாதுகாத்துக்கொள்" என்றாள். ஹபீழ் என்றால் பாதுகாப்பவன். உம்மா ஆமீன் சொன்னார்.