மரணம் நிகழ்ந்த வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் அழைக்கும் முன்

கோலாலம்பூரின் செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றில் தனியாக வாழ்ந்த என் சித்தப்பா, உறக்கத்திலேயே காலமானார். வாடை வருவதாகப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எங்களுக்குச் சொன்னபோது ஐந்து நாள்கள் கடந்திருந்தன. பிரேதப் பரிசோதனை முடிந்து, சந்தேகத்துக்கு இடமில்லை என்று கூறிக் காவல்துறையினர் சாவியை எங்களிடம் ஒப்படைத்தார்கள்.

கருமக்கிரியைக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்ற பதற்றத்தில், முகநூல் விளம்பரத்தில் கண்ட ஒரு நிறுவனத்தை வாட்ஸ்அப்பில் தொடர்புகொண்டேன். நேரில் வந்து பார்க்காமல், ஒரு புகைப்படம்கூடக் கேட்காமல், 1,800 ரிங்கிட் என்று விலை சொல்லிப் பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்குத்தான் கேள்வி கேட்கத் தோன்றுகிறது?

வந்தவர்கள் இரண்டு இளைஞர்கள். சாதாரண முகக்கவசம், மெல்லிய கையுறை, அவ்வளவுதான். மெத்தையை எதிலும் சுற்றாமல், குடியிருப்பாளர்கள் பயன்படுத்தும் மின்தூக்கியிலேயே கீழே இறக்கினார்கள். தரையில் இருந்த கறையின்மேல் குளோராக்ஸ் என்ற குளோரின் வெளுப்பானை ஊற்றித் துடைத்தார்கள். அது போகவில்லை என்றதும் கழிப்பறை கழுவும் அமிலத்தை அதன் மேலேயே ஊற்றினார்கள். அவ்விரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பது அந்தப் பையன்களுக்குத் தெரியவில்லை. ஒருவன் இருமிக்கொண்டே பால்கனிக்கு ஓடினான். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை, அனுப்பியவர்மீதுதான். பிறகு இரண்டு மணி நேரம் வாடை போக்கும் ஓசோன் இயந்திரத்தை ஓடவிட்டு, லாவெண்டர் வாசனையைத் தெளித்தார்கள். மாலையில் முதலாளி தொலைபேசியில் அழைத்து, அபாயக் கழிவுக் கட்டணத்தோடு சேர்த்து மொத்தம் 4,600 ரிங்கிட் ஆகிறது, மீதியைக் கட்டினால்தான் சாவி என்றார். கட்டினேன், அது என் மடத்தனம்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில், லாவெண்டரையும் மீறி அந்த வாடை திரும்பியது. அடுத்து நாங்கள் அழைத்தவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து, மெல்லிய தகட்டால் தரையில் பதித்திருந்த லேமினேட் பலகை ஒன்றை நெம்பித் தூக்கினார். மேலே உள்ளங்கை அளவு தெரிந்த கறை, அடியில் ஒரு பாய் அகலத்துக்குப் பரவி, பலகையின் அடிப்பாகத்தை ஊதவைத்து, சிமெண்டிலும் இறங்கியிருந்தது. உடலிலிருந்து வடியும் நீர் மெத்தையைத் தாண்டிப் பலகை இடுக்குகளில் இறங்கிவிடும் என்றும், அத்தகைய அழுக்கின்மேல் நேரடியாக ஊற்றும் குளோரின் அதிலேயே வீரியம் இழந்துவிடுவதால், முதலில் அகற்றிக் கழுவிவிட்டுத்தான் கிருமிநாசினியைப் பூசி, புட்டியில் குறித்துள்ள நேரம் ஈரமாகவே விட்டுவைக்க வேண்டும் என்றும் விளக்கினார். வாடையின் ஊற்றுக்கண் அடியில் இருக்கும்வரை ஓசோனால் பயனில்லையாம். அவருடைய ஆட்கள் முழு உடையணிந்து வந்து பலகைகளைப் பெயர்த்து, சிமெண்டைச் சுரண்டி, நொதிக் கரைசலால் கழுவி, காய்ந்த பிறகு மேலே அடைப்புப் பூச்சு பூசினார்கள்.

நான் பணம் கட்டிய அந்த அபாயக் கழிவு எங்கே போனது என்று கேட்கிறீர்களா? மலேசியாவில் மருத்துவக் கழிவும் நோய்க்கிருமிக் கழிவும் 2005ஆம் ஆண்டின் அட்டவணையிடப்பட்ட (அபாயக்) கழிவுகள் விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 404 என்ற குறியீட்டின்கீழ் வருகின்றன. சித்தப்பாவின் மெத்தையோ எங்கள் புளோக்கின் குப்பைத்தொட்டி ஓரமாகக் கிடந்தது. நிர்வாக அலுவலகம் படத்தோடு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது.

ஆகவே, நேரில் பார்க்காமல் விலை சொல்பவரை அழைக்காதீர்கள். எதைப் பெயர்ப்பார்கள், கழிவை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இருக்கும் ஒரே சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடல், பணம் செலுத்திய ரசீது, பலகையின் அடிப்பாகப் படங்கள் ஆகியவற்றோடு, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி மனு கொடுத்திருக்கிறேன். விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன்.