தர்மபுரியில் ஆறு வாரம்: தம்பியின் மையமும் அம்மாவின் கோப்பும்

மெல்பர்னிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் இரண்டு வாரத்திற்கு மேல் விடுப்புக் கிடைத்ததில்லை. இந்த முறை ஆறு வாரம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அப்பா மறைந்து ஓராண்டு முடிந்திருந்தது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த என் தம்பிக்கு இப்போது முப்பத்து நான்கு வயது, அம்மாவுக்கு அறுபத்தெட்டு. தம்பிக்குச் சட்டப்படி பாதுகாவலர் என்று ஒருவரும் இல்லை என்பதை, அப்பாவின் ஓய்வூதியக் காகிதங்களைத் தொலைபேசி வழியே அம்மா படித்துக் காட்டியபோதுதான் அறிந்தேன். அதைச் சரிசெய்வதே பயணத்தின் முதல் நோக்கம்.

பெங்களூரில் இறங்கி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக தர்மபுரி வந்து சேர்ந்த மறுநாளே அம்மா என்னை மையத்திற்கு அழைத்துப் போனார். பென்னாகரம் சாலையில் வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு அது. வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார் சிலரும் இரண்டு தந்தையரும் சேர்ந்து, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்து நடத்துகிறார்கள். அம்மா அதன் பொருளாளர். தம்பியைப் பகலில் அங்கே விட்டுவிட்டு வருகிறார் என்றே இத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தேன். விட்டுவிட்டு வருபவர் அல்லர், பூட்டைத் திறந்து உள்ளே போகிறவர் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

பெற்றோரே முன்நின்று இத்தகைய அமைப்புகளை உருவாக்குவது தமிழகத்துக்குப் புதிதன்று. மூளை முடக்குவாதமுள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கிய பணிதான் இன்று வித்யாசாகர் என்ற பெயரில் நடக்கிறது; ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவை உடையவர்களின் நலனுக்காக நடுவண் அரசு சட்டப்படி அமைத்த தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் அவர் பிற்காலத்தில் இருந்தார். ஆனால் சென்னையில் ஒன்று இருப்பதால், இண்டூரிலிருந்தும் பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வரும் தாய்க்கு வழி கிடைத்துவிடுவதில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்று, எந்தக் காகிதத்தை எந்த மேசையில் வைக்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். இந்த மையம் செய்யும் வேலைகளில் பெரியது அதுதான் என்பது என் கருத்து.

அந்த வேலையைக் கண்ணால் பார்த்தேன். மையத்தின் முன்னறையில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. அதில் பிள்ளைக்கு ஒன்றாகத் துணிக்கட்டுக் கோப்புகள். ஒவ்வொரு கோப்பிலும் முதல் தாள் அம்மாவின் கையெழுத்தில் இருக்கும்: மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை உண்டா, யூ.டி.ஐ.டி. என்ற தனித்துவ அடையாள எண் அட்டை வந்ததா, மாதப் பராமரிப்பு உதவித்தொகையான 2,000 ரூபாய் கணக்கில் ஏறுகிறதா, வாழ்நாள் சான்று எந்த மாதம் கொடுக்க வேண்டும், நிராமயா காப்பீட்டை எப்போது புதுப்பிக்க வேண்டும். நிராமயா என்பது தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடு. முன்பரிசோதனை எதுவும் கேட்காமல் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. புறநோயாளிச் சிகிச்சைக்கும் தெரபிக்கும்கூட அதில் குறிப்பிட்ட வரம்பு வரை பெறலாம். இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாமல், நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் பெங்களூர் நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கும் சேலத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைந்த குடும்பங்கள் அந்த அலமாரியில் பல உண்டு.

நான் இருந்த நாட்களில் பாலக்கோட்டுப் பக்கமிருந்து ஓர் இளம் தாய் ஐந்து வயதுப் பையனுடன் வந்தார். ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் பேசுவது கன்னடம், தெருவில் தமிழ். வேறோர் ஊரில், இனிமேல் பிள்ளையிடம் ஒரே மொழியில்தான் பேச வேண்டும் என்று யாரோ சொல்லிவிட, அந்தப் பெண் பயந்துபோய்த் தன் தாய்மொழியையே வீட்டில் நிறுத்தியிருந்தார். பாட்டியும் பேரனும் இரண்டு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லையாம். மையத்தின் தலைவியை அக்கா என்றே அழைக்கிறோம்; அவரும் ஆட்டிசமுள்ள ஒரு பெண்ணின் தாய். அவர் அதைக் கேட்டதும் எழுந்து வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். “பாட்டி பேசட்டும்மா. அவங்க பேசறதுதான் அவனுக்கு முதல் பாடம்” என்றார். இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசமுள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றே ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அன்று தேவைப்பட்டது ஆய்வு அன்று, தன்னைப் போன்ற இன்னொரு தாயின் வாய்ச்சொல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அரசுக் காகிதங்களில் ஆட்டிசத்துக்கு ‘புற உலகச் சிந்தனையற்றவர்’ என்று எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தச் சொல் மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அந்தப் பையன் அரை மணி நேரத்திற்குள், மையத்தின் வேன் வரும் ஓசையை வாசலில் போகும் மற்ற எல்லா வண்டிகளின் ஓசையிலிருந்தும் பிரித்தறிந்து கதவருகே போய் நின்றான். புற உலகம் அவனுக்குள் நம்மைவிடக் கூடுதலாகவே நுழைகிறது.

என் தம்பி இருப்பது பின்கட்டில், பெரியவர்களின் தொழிற்பிரிவில். அங்கே துணிப்பை தைக்கிறார்கள். 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் ஞெகிழிப் பைகளுக்குத் தமிழகத்தில் தடை வந்தபின், கடைக்காரர்களிடமிருந்து மஞ்சப்பைக்கு ஓரளவு கேட்பு இருக்கிறது. தைப்பது தாய்மார், நூல் நறுக்குவது, மடிப்பது, எண்ணிக் கட்டுவது பிள்ளைகள். தம்பிக்கு ஐந்துக்கு மேல் எண்ணத் தடுமாற்றம். அதற்காகச் சிறப்பாசிரியை ஒரு பலகையில் பத்து ஆணிகளை வரிசையாக அடித்துக் கொடுத்திருக்கிறார். மடித்த பையை ஆணிக்கு ஒன்றாக அவன் மாட்டுகிறான். கடைசி ஆணி மறைந்ததும் பத்தையும் ஒருசேர உருவி, தட்டிச் சமன்செய்து, சணலால் கட்டி வைக்கிறான். ஒரு கட்டிலும் ஒன்பதோ பதினொன்றோ இருந்ததில்லை என்று ஆசிரியை சொன்னார். நானும் நான்கு கட்டுகளைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன், நான்கிலும் பத்து. பிரித்ததற்காகத் தம்பி என்னிடம் கோபித்துக்கொண்டான்.

பாதுகாவலர் விவகாரத்துக்கு வருகிறேன். பதினெட்டு வயது வரைதான் பெற்றோர் இயல்பான பாதுகாவலர்கள். அதன்பின், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் மட்டக் குழுதான் பாதுகாவலரை நியமிக்க முடியும். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அம்மாவுக்குப் பின் தம்பிக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதியில் இடமிருக்கிறது. ஆனால் அவன் பெயரில் கணக்கும் அவனுக்காக அதை இயக்க ஒருவரும் வேண்டும். ஒரு வங்கிக் கிளையில், கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குக் கணக்குத் தொடங்க இயலாது என்று அம்மாவை இருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். அது தவறு என்பது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் வாதாட அன்று உடலில் வலு இல்லை என்றார்.

பிறர் பிள்ளைகளுக்காக எத்தனையோ பாதுகாவலர் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்த அம்மா, தன் மகனுக்கு மட்டும் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். “நான்தான் இருக்கேனே” என்றார். வேறு விளக்கம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

விண்ணப்பத்தை அம்மாவும் அக்காவும் நானும் ஒரு பிற்பகலில் உட்கார்ந்து நிரப்பினோம். அம்மாவே பாதுகாவலர், எனக்கு மறுப்பில்லை என்று உடன்பிறந்தவன் என்ற முறையில் எழுதிக் கொடுத்தேன். அம்மாவால் இயலாமல் போகும் நாளில் நான் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். அப்போதுதான் அக்கா ஒரு விதியைச் சுட்டிக் காட்டினார். பாதுகாவலராக நியமிக்கப்படுபவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க நான் காகிதங்கள் சேர்த்து வைத்திருந்தேன். அதை இப்போதைக்கு நிறுத்திவிட்டேன். என்னைப் போல வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு ஊரில் இப்படி ஓர் உடன்பிறப்பை வைத்திருப்பவர்கள், கடவுச்சீட்டை மாற்றுவதற்கு முன் இந்த விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

பணம் அனுப்புவதிலும் அதே கடவுச்சீட்டுதான் குறுக்கே வருகிறது. மெல்பர்ன் நண்பர்கள் சிலர், மையத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்ட நிதி திரட்டித் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்களில் பலர் ஆஸ்திரேலியக் குடிமக்கள். இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அவர்கள் தருவது, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடையே. அதைப் பெறப் பதிவு வேண்டும். பதிவுக்கு மூன்றாண்டுச் செயல்பாடும், அந்த மூன்றாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கும் வேண்டும். 2020இன் திருத்தத்துக்குப் பின், புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக்கணக்கும் வேண்டும். வாடகை வீட்டில் நடக்கும் இந்த மையத்தால் இன்னும் அந்த அளவைத் தொட முடியவில்லை. இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்புவதற்கு இந்தத் தடை இல்லை.

ஆனால் கட்டடம் என்ற பேச்சையே அக்கா அவ்வளவாக விரும்பவில்லை. “கட்டடத்துக்குக் கொடுக்கறவங்க வருவாங்கப்பா, பேரைக் கல்லுல போடலாமில்ல. மாசாமாசம் டீச்சருக்கும் வேன் டிரைவருக்கும் சம்பளம் கொடுக்கத்தான் ஆளில்ல” என்றார். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற சிறப்பாசிரியர் நல்ல சம்பளம் கிடைத்தால் ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்; அவர் போனால் பிள்ளைகள் ஆறு மாதம் பின்னுக்குப் போகிறார்கள். வேன் ஒரு வாரம் நின்றால் இண்டூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அந்த வாரம் முழுதும் வீட்டுக்குள்ளேயே. நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணையாக வருபவருக்கும் கட்டணம் இல்லைதான். காலை நெரிசலில் முப்பது வயது மகனைப் பிடித்து ஏற்ற அறுபது வயதுத் தாயால் முடிவதில்லை. ஆஸ்திரேலியாவில் 2013இல் சட்டமான ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் போக்குவரத்தும் பயிற்சியும் அவரவர் திட்டத்திலேயே கணக்கிடப்படுவதைப் பார்த்துப் பழகியவன் நான். இங்கே அந்தக் கணக்கை எட்டு வீட்டார் தங்கள் வீட்டுச் செலவோடு சேர்த்துச் சுமக்கிறார்கள். ஆகவே வேன் ஓட்டுநரின் சம்பளத்தை மாதந்தோறும் நான் ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் கிளம்பும் வரை குழுவின் ஆணை வரவில்லை. வந்ததும் ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியலையும், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் பாதுகாவலர் கொடுக்க வேண்டும். அம்மா ஆணைக்காகக் காத்திருக்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தம்பியின் பெயரை அட்டையில் எழுதி, முதல் வரியைப் பதிந்துவிட்டார்: துணிப்பை கட்டிய கூலி, வரவு 640 ரூபாய்.