வெளிநாட்டுப் பார்சலா? காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

வெளிநாட்டில் இருக்கும் என் தோழிக்குக் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து கையால் பின்னிய கம்பளிப் போர்வையும் நாலு படப் புத்தகங்களும் அனுப்பினேன். போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. தொலைந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அங்கே சுங்கத்தில் வைத்து அழித்துவிட்டார்கள், அதுவும் என் கையெழுத்தின் பேரில்.

பார்சல் புக்கிங் செய்து தரும் ஏஜெண்ட் ஒருவரிடம்தான் கொடுத்திருந்தேன். "கஸ்டம்ஸ் பேப்பரெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். காலிப் படிவத்தில் போட்டுக் கொடுத்தேன். அங்கே கேட்கும் வரியையும் இங்கேயே கட்டிவிடலாம் என்று தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டார்.

பார்சல் போன நேரம் தோழி குழந்தையோடு வேறு ஊரில் இருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது, மதிப்புக்கு ஆதாரம் என்ன என்று கேட்டு வந்த நோட்டீஸை அவள் பார்த்தபோது கெடு முடிந்திருந்தது. அலைந்து திரிந்து கேட்டதில் படிவத்தின் நகல் மட்டும்தான் கிடைத்தது.

அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே நீல மையில் என் கையெழுத்து. மேலே எல்லாம் கறுப்பு மையில் வேறு யாரோ எழுதியது. பொருள் விவரத்தில் 'கிஃப்ட்' என்று ஒரே வார்த்தை. மதிப்பு நான் சொன்னதில் கால்வாசி. பொருள் என்ன வகை என்று சுங்கம் அடையாளம் காணும் குறியீட்டு எண், தயாரான நாடு, இரண்டும் காலி. பட்டுவாடா ஆகாவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில், 'அனுப்பியவருக்குத் திருப்பு' என்பதை விட்டுவிட்டு 'கைவிடப்பட்டதாகக் கருது' என்பதில் டிக். அந்த ஒரு டிக்கில் போர்வை போய்விட்டது.

ஏஜெண்டைக் கேட்டதற்கு, "வேல்யூ குறைச்சுப் போட்டா வரி வராது, உங்க நல்லதுக்குத்தான் செஞ்சோம்" என்றார். அது பொய் அறிவிப்பு. எழுதியது அவர், பொறுப்பு கையெழுத்துப் போட்ட எனக்கு. பார்சல் தொலைந்து நஷ்டஈடு கேட்கப் போனாலும் அந்தக் குறைத்த மதிப்புதான் எதிரில் வந்து நிற்கும். வரிக்கென்று வாங்கிய பணத்துக்கு ரசீது கேட்டேன், இன்றுவரை வரவில்லை. சாதாரண அஞ்சல் பார்சலுக்கு இறக்குமதி வரியைப் போய்ச் சேரும் நாட்டுச் சுங்கம்தான் முடிவு செய்யும், பெரும்பாலான நாடுகளில் பெறுபவரிடம்தான் வாங்கும். முன்கூட்டியே கட்டும் வசதி சில சேவைகளில் உண்டு. ஆனால் அப்படிக் கட்டினால் ரசீது இருக்கும்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். படிவத்தின் பெயர் சிஎன்23. மதிப்பு குறைந்த சின்னப் பொட்டலத்துக்கு சிஎன்22 போதும். இரண்டும் உலக அஞ்சல் ஒன்றியத்தின் படிவங்கள். 'கிஃப்ட்' என்பது எதற்காக அனுப்புகிறோம் என்பதற்கான கட்டத்தில் வர வேண்டியது, பொருளின் பெயராக எழுதுவதற்கு அல்ல. 'கையால் பின்னிய குழந்தைப் போர்வை, கம்பளி, 1' என்று எழுதி எடையும் மதிப்பும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். குறியீட்டு எண்ணின் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான்: கம்பளிப் போர்வைக்கு 630120, குழந்தைகள் படப் புத்தகத்துக்கு 490300. பரிசு என்றால் வரியே கிடையாது என்றும் நம்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் பரிசுக்கு 45 யூரோ வரைதான் விலக்கு. மற்ற நாடுகளுக்கு வேறு வரம்பு, அனுப்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விவரமெல்லாம் பெட்டிக்கு முன்னாலேயே கணினி வழியாக அங்கே போய்விடுகிறது. அதனால் தட்டச்சு செய்ததையும் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, நீங்களும் என்னைப் போல ஏற்கெனவே காலிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்களா? இன்றே போய் நகலைக் கேளுங்கள். பார்சல் இன்னும் கிளம்பாமல் இருந்தால் நிறுத்தி, படிவத்தை மாற்றி எழுதச் சொல்லலாம்.