ஆடி அமாவாசையா, மாசியா? நெல்லையில் ஒரு வானியல் கூட்டத்துக்கு நாள் குறிப்பது

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. எகிப்தில் லக்சர் அருகே சூரியன் 6 நிமிடம் 23 விநாடி முழுசாக மறையப்போகிறது. 2009-இல் வந்ததை விட்டால் இந்த நூற்றாண்டில் இதைவிட நீளமான முழுக் கிரகணம் கிடையாது. திருநெல்வேலியில் இருக்கும் நமக்கு அன்று மாலை கிடைப்பது ஓரம் கடித்த அப்பளம் மாதிரி ஒரு பகுதிக் கிரகணம்தான்.

சொந்தமாகத் தொலைநோக்கி வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் இரவைக் கழிக்கும் ஆட்கள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். வெளியூர் நண்பர்களையும் கூப்பிட்டு இரண்டு நாள் கூட்டம் போட வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. தேதிதான் இழுக்கிறது. மூன்று யோசனைகள் மேசையில் இருக்கின்றன: கிரகணத்தோடு சேர்த்து ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 2 வரை, கிரகணம் முடிந்து ஆகஸ்ட் 28, 29, இல்லையென்றால் ஒரேயடியாகத் தள்ளி 2028 பிப்ரவரி 26, 27.

முதல் யோசனைக்குத்தான் கை தூக்கியவர்கள் அதிகம். அதில் நியாயமும் இருக்கிறது. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும். அதனால் முன்னும் பின்னும் இரண்டு மூன்று இரவுகளுக்கு நிலாத் தொந்தரவு இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் இருட்டியதும் விருச்சிகமும் தனுசும் தெற்கே நன்றாக ஏறி நிற்கும், பால்வீதியின் நடுப்பகுதியே தலைக்கு மேல் வந்த மாதிரி இருக்கும். இன்னொரு லாபம், ஆடியில் கல்யாணம் இல்லை. மண்டபங்கள் ஈயடித்துக்கொண்டிருக்கும், சொன்ன வாடகையில் பாதிக்குப் பேசலாம்.

ஆனால் அது வெறும் அமாவாசை இல்லை, ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்க் குடில் போட்டுத் தங்கும் நாள். தர்ப்பணம் கொடுக்கக் குறுக்குத்துறையிலிருந்து பாபநாசம் வரை படித்துறையெல்லாம் கூட்டம். அதோடு கிரகணம் விட்டதும் குளிக்க வருகிறவர்கள் வேறு. அன்றைக்கு வெளியூர்க்காரர் ஐம்பது பேருக்கு லாட்ஜும் வண்டியும் தேடுவதை நினைத்தாலே தலை சுற்றுகிறது.

சாப்பாட்டு விஷயம் அதைவிடச் சிக்கல். எங்களுக்கு வழக்கமாகச் சமைக்கும் தவசிப்பிள்ளையிடம் தேதியைச் சொன்னேன். காலண்டரைக் கூடப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, காலைல விரதச் சாப்பாடு வேணும்னா போட்டுத் தாரேன். கிரகணத்துல அடுப்பைப் பத்த வைக்க மட்டும் சொல்லாதிய" என்றார். கிரகணத்தின்போது சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று மேடையில் பேசப்போகிற கூட்டத்துக்குச் சமைக்க ஆள் இல்லை!

அப்புறம் வானிலை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி எம்மாத்திரம்? முப்பந்தல், கயத்தாறு காற்றாலைகள் மும்முரமாகச் சுற்றும் பருவம் அது. போன ஆடியில் நாங்குநேரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் சனிக்கோளைப் பிடித்து வைத்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் வளையம் கண்ணில் கோடாக இழுபட்டுப் போனது. கடைசியில் காரைக் குறுக்கே நிறுத்தி, அதன் மறைவில் உட்கார்ந்துதான் பார்த்தோம். மேற்கே தென்காசிப் பக்கம் சாரல் என்றால், இங்கே மழை பெய்யாவிட்டாலும் மேகம் வந்து போய்க்கொண்டே இருக்கும். 2009 ஜூலை கிரகணத்துக்குப் பீகாரின் தாரேகனாவில் அவ்வளவு கூட்டம் கூடி, மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதை தெரிந்ததுதானே. மாலைக் கிரகணம் என்பதால் அம்பை, பாபநாசம் பக்கம் இடம் போடவும் முடியாது. பொதிகை மலை சூரியனை நேரத்தோடு விழுங்கிவிடும்.

எனக்கு இதெல்லாம்கூடப் பெரிதில்லை. மதுரைக்காரரும் கொச்சிக்காரரும் இதே மாலையில் இதே போன்ற கடியைத் தங்கள் வீட்டு மாடியிலேயே பார்த்துக்கொள்வார்கள். அதற்கு ஏன் நெல்லைக்கு டிக்கெட் போட வேண்டும்? கையில் காசும் விடுப்பும் இருப்பவர்கள் லக்சரில் இருப்பார்கள். பேச்சாளர்களாக நாங்கள் மனதில் வைத்திருப்பதும் அவர்களைத்தான்.

சரி, அவர்கள் திரும்பி வந்ததும் ஆகஸ்ட் கடைசியில் வைக்கலாமே என்பது இரண்டாவது யோசனை. 31-ஆம் தேதி மறுபடி அமாவாசை, ஆகவே சனி ஞாயிறு இரவுகள் இருட்டுதான். ஆனால் ஆவணி பிறந்துவிடும், மண்டபக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மேகமும் முழுசாக விட்டிருக்காது. கிரகணப் படங்களை எல்லோரும் அதற்குள் வாட்ஸ்அப்பில் பார்த்து முடித்திருப்பார்கள். நல்ல படங்கள் அப்போது தயாராகவும் இருக்காது. முழுக் கிரகணத்தில் சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்தில் (கொரோனா) உட்பக்கம் மிகப் பிரகாசம், வெளியே போகப்போக மங்கல். எந்த ஒரே படத்திலும் இரண்டும் சேர்ந்து விழாது. வேகமாக எடுத்தது, நின்று எடுத்தது என்று பல படங்களை அடுக்கிக் கோத்தால்தான் அந்த இழைகள் தெரியும். வேலைக்குப் போகிற மனிதர் அதைச் செய்து முடிக்க மாதக்கணக்கு ஆகும்.

இதனால்தான் நான் பிப்ரவரிப் பக்கம். 2028 பிப்ரவரி 25 வெள்ளிக்கிழமை அமாவாசை, மறுநாளே சனிக்கிழமை. கிரகணம் எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் மாசம். முன்னிரவில் மிருகசீரிடமும் தெற்கே அகத்திய நட்சத்திரமும். பொதிகை நாட்டில் இருந்துகொண்டு அகத்தியரைக் காட்டாமல் அனுப்ப முடியுமா? நள்ளிரவு தாண்டினால் தென்சிலுவையும் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தும் மேலே வரும். வடநாட்டு நண்பர்களுக்கு அடிவானத்தில் தடவிப் பார்க்க வேண்டிய பொருள் அந்தக் கொத்து, நமக்கு முப்பது பாகைக்கு மேலேயே ஏறும். மாசியில் முகூர்த்தம் உண்டு என்பதால் கல்யாண மண்டபத்தை மறந்துவிட வேண்டியதுதான். கொக்கிரகுளம் அறிவியல் மையத்தையோ ஏதாவது கல்லூரி அரங்கையோ கேட்டுப் பார்க்க வேண்டும். பரீட்சை நெருங்குவதால் பள்ளிப் பிள்ளைகள் குறைவாகத்தான் வருவார்கள். அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் 2 மாலையே போதும். கிழக்கே தள்ளி, மலை மறைக்காத ஒரு மைதானம், நாலு தொலைநோக்கி, கிரகணக் கண்ணாடி. கூட்டம், பதிவு, அடையாள அட்டை எதுவும் வேண்டாம்.

கிரகணத்தோடு கூட்டமே கூடாது என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. 2031 மே 21, புதன்கிழமை, நிலா நடுவை மட்டும் மறைக்க, சூரியன் சுற்றிலும் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணம் மதுரை மேல் வருகிறது. நண்பகலை ஒட்டி, கத்திரி வெயிலில். நெல்லை டவுனில் இருந்தால் வளையம் கிடைக்காது, வடக்கே போக வேண்டும். அதற்கு எங்கிருந்தும் ஆள் வருவார்கள். அப்போது கூட்டத்தை 19, 20 தேதிகளில் நெல்லையில் முடித்துவிட்டு, 21 விடியற்காலையில் பஸ்ஸில் எல்லோரையும் மதுரைக்கு ஏற்றிவிட வேண்டும்.

முன்னாடிதான் வைக்க வேண்டும் என்பதை 2010 ஜனவரி 15-இல் கற்றுக்கொண்டேன். மாட்டுப் பொங்கல் அன்று நம் ஊரிலேயே வளையம் தெரிந்தது. வேப்பமர நிழலில் இலை இடுக்கு ஒவ்வொன்றும் தரையில் ஒரு வளையல் போட்டிருந்தது. கோலம் போட்ட வாசலில் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வளையம் அறுந்ததும் ஒரு சின்னக் கலந்துரையாடல் என்று அறிவித்திருந்தோம். கிரகணம் விட இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் நாற்காலிக்காரரும் நானும்தான் நின்றோம். அவரும் நாற்காலிகளை மடக்கத் தொடங்கியிருந்தார்.