பட்டுச்சேலை: கோர்வை பார்டரா, ஒரே நிற பார்டரா?

கல்யாணப் பட்டு எடுக்கும்போது பலரும் தடுமாறுவது இங்கேதான்.

உயரம்: கோர்வையில் சேலையின் உடலும் பார்டரும் வேறு நிறம், இரண்டும் சேரும் கோடு கண்ணைக் குறுக்கே இழுக்கும். ஐந்தடி உயரமுள்ளவர் 10 அங்குல பார்டர் கட்டினால் இன்னும் குள்ளமாகத் தெரிவார். 4 அங்குலத்துக்குள் எடுங்கள். ஒரே நிறமென்றால் கொசுவம் இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரே ஓட்டமாக விழும். அதுவே உயரத்தைக் கூட்டிக் காட்டும்.

நெசவு: கோர்வைக்கு மூன்று நாடா (ஊடை என்னும் குறுக்கு நூலை ஓட்டும் தறிக் கருவி). உடல் ஊடையும் பார்டர் ஊடையும் கோத்துக்கொள்வதால் நிறம் கலங்காமல் பளிச்சென்று நிற்கும், அந்த அழகே தனி. வாங்குமுன் இணைப்பைத் தடவிப் பாருங்கள். சுருங்கியிருந்தால் கொசுவம் படியாது. ஒரே நிறத்தில் இந்தத் தொல்லை இல்லை.

விலை: கோர்வைக்கு நெசவுக்கூலி கூடுதல்.

நெட்டையானவர்களுக்கும் மணமேடைக்கும் கோர்வை. குட்டையானவர்களுக்கும் அடிக்கடி கட்ட நினைப்பவர்களுக்கும் ஒரே நிறம். பிளவுஸை மாற்றி மாற்றிப் போடலாம்.